கையில் ஒரே ஒரு வரிசை எண்கள்: எந்த டெஸ்ட் போடுவது?

1882ஆம் ஆண்டு, வாஷிங்டன் நகரம். சைமன் நியூகோம் என்ற வானியலாளர் ஒளியின் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறார். பொட்டோமாக் ஆற்றின் மேற்குக் கரையில், ஃபோர்ட் மையர் என்ற இடத்தில் அவருடைய கருவி. ஆற்றுக்கு அந்தப்பக்கம், வாஷிங்டன் நினைவுத் தூணின் அடியில் ஒரு கண்ணாடி. ஒளி இங்கிருந்து கிளம்பி, கண்ணாடியில் பட்டு, திரும்பி வர வேண்டும். போக வரச் சுமார் 7,400 மீட்டர். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று 66 முறை அளந்தார்.

விடைகள் எல்லாம் 24,800 நானோநொடியை ஒட்டியே வந்தன. நானோநொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளி. ஒவ்வொரு முறையும் 24,800 என்று எழுதுவானேன்? அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதிக்கொள்ளலாம். 24,828 வந்தால் 28 என்று எழுதுகிறோம். 24,798 வந்தால் -2.

அப்படி எழுதிப் பார்த்தால் 66 எண்களில் 64 எண்கள் 16க்கும் 40க்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. மீதி இரண்டில் ஒன்று -2. இன்னொன்று -44.

புள்ளியியலில் ஒரேயொரு எண் மாறியை அலசுவது என்று சொல்வது இதைத்தான். எக்செல் தாளில் ஒரே ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான். ஆண், பெண் என்று பிரித்து ஒப்பிடவில்லை. வயதோடு சேர்த்து வரைபடம் போடவில்லை. இருப்பதிலேயே எளிமையான நிலைமை இது என்று தோன்றும். ஆனாலும் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "சார், டேட்டா எடுத்தாச்சு, எந்த டெஸ்ட் போடணும்?" என்று வந்து நிற்பார்கள். "இந்த எண்களிடம் என்ன கேட்கப்போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. மென்பொருளின் மெனுவைத் திறந்து மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

முறையைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் கேள்வி என்ன என்று தெரிய வேண்டும். எண்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவை எப்படி வந்து சேர்ந்தன என்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் முறை பெரும்பாலும் தானாகவே வந்து நிற்கும்.

முதலில் கேள்வி

உடல் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான மனிதரின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்று பள்ளியில் படித்தோம். 1868இல் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய எண் அது. 1992இல் மக்கோவியாக் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 18 முதல் 40 வயது வரையிலான 148 ஆரோக்கியமான ஆட்களிடம் 700 முறை அளந்து பார்த்தார்கள். சராசரி 36.8 வந்தது.

மாறி ஒன்றே ஒன்றுதான், வெப்பநிலை. ஆனால் அதனிடம் எத்தனை விதமாகக் கேட்கலாம் பாருங்கள். பொதுவாக மனிதரின் வெப்பம் எவ்வளவு இருக்கும்? இது மையத்தைப் பற்றிய கேள்வி, சராசரியோ, வரிசையின் நட்டநடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையோ விடை சொல்லும். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை எவ்வளவு மாறும்? இது பரவலைப் பற்றியது. எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமோ, நடுப்பாதி எண்கள் எவ்வளவு அகலத்தில் பரவியிருக்கின்றன என்று சொல்லும் கால்மான வீச்சோ வேண்டும். வுண்டர்லிச் சொன்ன 37 சரியா? இங்கே ஒரு குறிப்பிட்ட எண்ணோடு ஒப்பிடுகிறோம். கருதுகோள் சோதனை என்ற சாமான் இந்த இடத்தில்தான் வேலைக்கு வரும்.

எந்த அளவுக்கு மேல் போனால் காய்ச்சல் என்று சொல்லலாம்? இது முற்றிலும் வேறு கேள்வி. மையம் எங்கே இருக்கிறது என்பது இதற்கு உதவாது. நலமாக இருப்பவர்களின் எண்கள் மேல்பக்கம் எதுவரை போகின்றன என்று வால் பகுதியைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வுக்குழு 37.7 டிகிரியை மேல் எல்லையாகச் சொன்னது. சராசரியை ஒரு குறிப்பிட்ட எண்ணோடு ஒப்பிடும் டி-சோதனையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்த எண் ஒருநாளும் வெளியே வராது.

ஒரே தரவு, நான்கு கேள்விகள், நான்கு முறைகள். "இந்தத் தரவுக்கு எந்த முறை?" என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் போவது இதனால்தான்.

எண்ணாக இருப்பதெல்லாம் எண் மாறி ஆகாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பின்கோடும் ரோல் நம்பரும் எண்கள்தான். ஆனால் 600004ஐயும் 625001ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் மயிலாப்பூருக்கும் மதுரைக்கும் நடுவில் ஓர் ஊர் வந்துவிடாது. கூட்டி வகுத்தால் பொருள் தரும் எண்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

அப்புறம் படம்

எண்களைக் கணக்குப் போடுவதற்கு முன் வரைந்து பாருங்கள். தாளில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தாலே போதும். எண்கள் நிறைய இருந்தால் சம அகலப் பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டியில் எத்தனை விழுந்தன என்று தூண்களாக நிறுத்துங்கள். ஹிஸ்டோகிராம் என்பது அதுதான்.

நியூகோமின் எண்களுக்கு இதைச் செய்தால் ஒரு நொடியில் கதை தெரிந்துவிடும். 27, 28 பக்கத்தில் ஒரு குன்று. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சரிவு. இடப்பக்கம் வெகுதூரத்தில் தனியாக இரண்டு புள்ளிகள். சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் கையில் இருந்தால் இந்தப் படம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

படத்தில் தேட வேண்டியவை சில. குன்று ஒன்றா இரண்டா? இரண்டு குன்றுகள் இருந்தால் இரண்டு வகைப்பட்ட ஆட்கள் ஒரே வரிசையில் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அங்கே எந்தச் சராசரியும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் போய் விழும். ஒரு பக்கம் மட்டும் வால் நீள்கிறதா? பூஜ்யத்தில் எண்கள் குவிந்து கிடக்கின்றனவா?

கடைசியாகச் சொன்னதற்குச் சென்னை மழையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தினமும் லேசாகத் தூறும் ஊர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான நாட்களில் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. இப்படிப்பட்ட எண்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவதே நியாயம். மழை பெய்த நாட்கள் எத்தனை என்பது ஒன்று. பெய்த நாட்களில் எவ்வளவு பெய்தது என்பது இன்னொன்று.

சராசரியா, இடைநிலையா?

எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது இடைநிலை. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் இரண்டின் சராசரி.

நியூகோமின் 66 எண்களுக்குச் சராசரி 26.2, இடைநிலை 27. அந்த இரண்டு தனிப்புள்ளிகளைத் தூக்கிவிட்டுக் கணக்கிட்டால் சராசரி 27.75 ஆகிறது. திட்ட விலக்கமோ 10.7இலிருந்து 5.1க்கு விழுகிறது. அறுபத்தாறு பேர் உள்ள கூட்டத்தில் இரண்டே பேர் மொத்தப் பரவலையும் இரண்டு மடங்குக்கு மேல் ஊதிக் காட்டியிருக்கிறார்கள். இடைநிலையைப் பொறுத்தவரை அந்த -44, -440 ஆக இருந்திருந்தாலும் கவலையில்லை. தனக்கு இடப்பக்கம் எத்தனை பேர், வலப்பக்கம் எத்தனை பேர் என்று மட்டும்தான் அது பார்க்கும்.

இதனால்தான் "தரவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இடைநிலை போடு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடிக்க வேண்டிய விதி என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையின் தினசரி மழைக்கு இடைநிலை பூஜ்யம். செம்பரம்பாக்கம் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்க்கும் பொறியாளருக்கு அந்தப் பூஜ்யத்தால் என்ன பயன்? அவருக்கு மொத்தம் வேண்டும். மொத்தத்தைத் தருவது சராசரிதான், தரவு எவ்வளவு கோணலாக இருந்தாலும். ஒரு வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு இடைநிலை. மறுபடியும் கேள்விதான் தீர்மானிக்கிறது.

சரி, அந்தத் தனிப்புள்ளிகளை என்ன செய்வது? கண்டுபிடிக்க ஒரு கைவிதி உண்டு. வரிசையின் கால் பங்கில் நிற்கும் எண்ணையும் முக்கால் பங்கில் நிற்கும் எண்ணையும் எடுங்கள். நியூகோமுக்கு 24, 31. இடைவெளி 7. அதன் ஒன்றரை மடங்கு 10.5. கீழே 24இலிருந்து 10.5 இறங்கினால் 13.5, மேலே 31இலிருந்து ஏறினால் 41.5. இந்த வேலிக்கு வெளியே இருப்பவை சந்தேகத்துக்குரியவை. நியூகோமின் வரிசையில் சரியாக அந்த இரண்டு மட்டும் மாட்டுகின்றன.

சந்தேகம் வேறு, தண்டனை வேறு. வேலிக்கு வெளியே நிற்கிறது என்பதற்காக மட்டும் ஓர் எண்ணை அழிக்கக் கூடாது. தாம்பரத்தின் 49 சென்டிமீட்டரை விலகல் புள்ளி என்று அழித்துவிட்டு மழைநீர் வடிகால் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வடிகாலுக்கு வேண்டியதே அந்த எண்தான். கருவி கோளாறு, எழுதும்போது தசமப்புள்ளி இடம் மாறிவிட்டது என்பது போலக் காரணம் கையில் இருந்தால் நீக்கலாம். இல்லையென்றால் வைத்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் கணக்கிட்டு இரண்டையும் எழுதிவிடுவதுதான் நாணயம். நியூகோம் என்ன செய்தார் தெரியுமா? -44ஐ விட்டுவிட்டார், -2ஐ வைத்துக்கொண்டார். மீதி 65 எண்களின் சராசரி 27.3. எனக்கு அது அரைகுறைத் தீர்வாகத்தான் படுகிறது, ஆனால் அவருக்கிருந்த சங்கடம் புரிகிறது.

எவ்வளவு நம்பலாம்?

26.2 என்று ஒரு சராசரி கிடைத்துவிட்டது. நாளைக்கு இன்னொரு 66 முறை அளந்தால் அதே 26.2 வருமா? வராது. எவ்வளவு தள்ளி வரலாம்? அதைச் சொல்வதற்குத் திட்டப் பிழை என்று ஒன்று இருக்கிறது. திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். இங்கே 10.7ஐ 66இன் வர்க்கமூலமான 8.1ஆல் வகுக்க, சுமார் 1.3.

திட்ட விலக்கத்தையும் திட்டப் பிழையையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஓர் அளவீடு அடுத்த அளவீட்டிலிருந்து எவ்வளவு மாறும் என்பதைச் சொல்வது திட்ட விலக்கம். மொத்தச் சராசரி எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்வது திட்டப் பிழை. அளவீடுகள் கூடக்கூடத் திட்டப் பிழை குறைந்துகொண்டே வரும், திட்ட விலக்கம் குறையாது. ஆட்டத்தைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு அளவீடுகள் வேண்டும். வர்க்கமூலத்தின் வேலை அது.

சராசரியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய இரண்டு திட்டப் பிழை தூரம் போனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. நியூகோமுக்கு 23.6இலிருந்து 28.9 வரை. இப்படி இடைவெளி போடும் முறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மையான மதிப்பு உள்ளே மாட்டும் என்று பொருள். கருவி ஒழுங்காக இருந்தால்.

"ஏறக்குறைய இரண்டு" என்றேனே, அந்த இரண்டு எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் ஒரு மதுபான ஆலை இருக்கிறது. டப்ளினில் இருந்த கின்னஸ் ஆலை. ஆமாம், சாதனைப் புத்தகத்துக்குப் பெயர் கொடுத்த அதே கின்னஸ்தான். அங்கே வேலை பார்த்த வில்லியம் சீலி கோசெட்டின் பிரச்சினை, கையில் எப்போதும் நாலைந்து அளவீடுகளே இருக்கும் என்பது. எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருந்தால் திட்ட விலக்கத்தையே நம்ப முடியாது. ஆகவே இடைவெளியை இன்னும் அகலமாகப் போட வேண்டும். எவ்வளவு அகலம் என்று கணக்கிட்டு 1908இல் வெளியிட்டார், சொந்தப் பெயரில் இல்லாமல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில். 3 அளவீடுகள் என்றால் 4.3 மடங்கு, 10 என்றால் 2.26, 66 என்றால் 2.0, எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் 1.96. டி-சோதனை பிறந்த கதை இது.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இன்னொரு வகையிலும் நமக்கு உதவும். 10 நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மருந்திலும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. இதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றனவே, இது எப்படி ஒற்றை மாறி? ஒரே ஆள் இரண்டு மருந்தையும் சாப்பிட்டிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடலாம். வித்தியாசங்கள் மட்டும் மிஞ்சும்: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இப்போது வரிசை ஒன்றுதான். கேள்வி, இவற்றின் சராசரி பூஜ்யமா என்பது. சராசரி 1.58 மணி, நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 வரை. பூஜ்யம் உள்ளே இல்லை. இரண்டாவது மருந்து கூடுதலாகத் தூங்க வைத்திருக்கிறது என்று சொல்லலாம். முன், பின் என்று அளக்கும் ஆய்வுகள் எல்லாம் இந்த வகைதான். அவற்றை இரண்டு தனிக்குழுக்களாக நினைத்துக்கொண்டு தவறான டெஸ்ட் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

மணி வடிவம் இல்லையென்றால்?

டி-சோதனை என்றாலே "எண்கள் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும் மணி வடிவத்தில், அதாவது இயல்நிலைப் பரவலில் இருக்கின்றனவா?" என்ற பயம் கூடவே வந்துவிடுகிறது. உடனே மணி வடிவம் இருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனை போட்டு, பி-மதிப்பு (உண்மையில் மணி வடிவம்தான் என்றால் இவ்வளவு கோணல் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தால் டி-சோதனையைக் கைவிட்டு ஓடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. 8 எண்கள் இருந்தால் அந்தச் சோதனைக்கு எதையும் கண்டுபிடிக்கத் திராணி இருக்காது. 5,000 இருந்தால் கவலைப்படத் தேவையில்லாத சின்னக் கோணலையும் பிடித்துக்கொண்டு கூச்சல் போடும். டி-சோதனைக்கு எண்கள் அனைத்தும் அச்சுப்பிசகாமல் மணி வடிவத்தில் நிற்க வேண்டும் என்றில்லை. சராசரி எப்படி ஆடுகிறது என்பதே முக்கியம். எண்ணிக்கை போதிய அளவு இருந்து, பயங்கரமான வால் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் மணி வடிவத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வால் இருக்கிறதா என்பதைப் படமே சொல்லும்.

உண்மையிலேயே வால் பெரிதாக இருந்தால் கையில் எடுக்க வேறு கருவிகள் உண்டு.

ஆகப் பழையது குறிச் சோதனை. ஜான் அர்பத்நாட் என்ற மருத்துவர் 1710 வாக்கில் லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டிலும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். சரிபாதி வாய்ப்பு என்றால் நாணயத்தை 82 தடவை சுண்டி 82 தடவையும் தலை விழுவது போன்ற அதிசயம் அது. எனவே சரிபாதி வாய்ப்பு என்பது உண்மையில்லை என்றார். எவ்வளவு அதிகம் என்று அவர் பார்க்கவில்லை. கூட்டலா கழித்தலா என்று மட்டும் எண்ணினார். கோசெட்டின் தூக்கக் கணக்கை இதே மாதிரி செய்தால் 10 பேரில் 9 பேருக்குக் கூட்டல், ஒருவருக்குப் பூஜ்யம், கழித்தல் ஒருவருக்கும் இல்லை. டி-சோதனை சொன்ன அதே முடிவு, விரல்விட்டு எண்ணியே கிடைத்துவிடுகிறது.

எண்ணின் அளவை அடியோடு தூக்கியெறிவது சற்று ஊதாரித்தனம்தான். 1945இல் ஃபிராங்க் வில்காக்சன் என்ற வேதியியலாளர் ஒரு நடுவழி சொன்னார். குறியோடு சேர்த்து, வித்தியாசங்களின் தர வரிசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 4.6 என்ற பெரிய வித்தியாசம் வெறும் 'முதல் இடம்' ஆகிவிடும், அதற்கு மேல் அதனால் ஆட்டம் காட்ட முடியாது. நல்ல முறை. ஆனால் வித்தியாசங்கள் மையத்தின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமச்சீராக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வால் வலப்பக்கம் நீண்டு, எண்கள் எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் மடக்கை (லாகரிதம்) எடுத்துப் பார்க்கலாம். வருமானம், நுண்ணுயிர் எண்ணிக்கை, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் போன்றவை இப்படித்தான் இருக்கும். 10, 100, 1,000 என்ற மூன்று எண்களின் சராசரி 370. மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திருப்பினால் 100. பெருக்கல் கணக்கில் வளரும் எண்களுக்கு இரண்டாவதுதான் நடுவாகப் படும்.

கணினி வந்த பிறகு பிறந்த பிள்ளை ஒன்றும் இருக்கிறது. பிராட்லி எஃப்ரான் 1979இல் அறிமுகப்படுத்திய பூட்ஸ்ட்ராப். நியூகோமின் 66 எண்களையும் 66 சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் பைக்குள் போட்டுவிடுங்கள். இப்படி 66 தடவை. சில எண்கள் இரண்டு மூன்று முறை வரும், சில வராமலே போகும். கிடைத்த 66க்கு இடைநிலை காணுங்கள். இதையே பத்தாயிரம் தடவை செய்தால் பத்தாயிரம் இடைநிலைகள். இரண்டு ஓரத்திலும் 2.5 சதவீதத்தை வெட்டிவிட்டால் நடுவில் இருப்பது நம்பிக்கை இடைவெளி. சூத்திரம் எதுவும் தேவையில்லை. இடைநிலை, கால்மானம், ஓரத்து எண்களை வெட்டிவிட்டு எடுக்கும் சராசரி என்று எதற்கு வேண்டுமானாலும் செய்யலாம். மொத்தமே ஏழெட்டுச் சீட்டுகள்தான் என்றால் மட்டும் இதை நம்ப வேண்டாம். பையில் இல்லாதது பையிலிருந்து வராது.

எண்ணிச் சொல்லும் எண்கள் தனிச் சாதி. எத்தனை விபத்து, எத்தனை அழைப்பு என்பது போன்றவை. போர்ட்கேவிச் என்ற புள்ளியியலாளர் 1898இல் வெளியிட்ட கணக்கு இதற்குப் பேர்போனது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்கள். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 பதிவுகள். 109இல் சாவு இல்லை, 65இல் ஒன்று, 22இல் இரண்டு, 3இல் மூன்று, ஒன்றில் நான்கு. சராசரி 0.61. திட்ட விலக்கத்தின் வர்க்கமும் ஏறக்குறைய அதே 0.61. இரண்டும் ஒத்துப்போனால், அபூர்வமாக, ஒன்றையொன்று சாராமல் நடப்பவற்றின் எண்ணிக்கைக்குப் பொருந்தும் பாய்சான் பரவலை நினைக்கலாம். அதன்படி சாவே இல்லாத பதிவுகள் 108.7 இருக்க வேண்டும், இருந்தது 109. இங்கே மணி வடிவத்தைத் தேடிக்கொண்டிருப்பது வீண்.

எண்கள் எப்படி வந்தன?

700 அளவீடுகள், 148 ஆட்கள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? மேலே சொன்ன எல்லாச் சூத்திரமும் ஒவ்வோர் எண்ணும் மற்றதைச் சாராமல் தனித்தனியாக வந்தது என்று வைத்துக்கொள்கிறது. ஒரே ஆளிடம் ஐந்து தடவை வெப்பம் பார்த்தால் அந்த ஐந்தும் ஐந்து பேர் சொன்ன சாட்சி ஆகாது. உடம்பே கொஞ்சம் சூடானவர் என்றால் ஐந்தும் கூடுதலாகத்தான் இருக்கும். 700 என்று நினைத்து வகுத்தால் திட்டப் பிழை பொய்யாகச் சிறுத்துவிடும். எளிய வழி, ஆளுக்கு ஒரு சராசரி எடுத்து 148 எண்களாக ஆக்கிக்கொள்வது. நேர வரிசைப்படி எடுத்த எண்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. இன்றைய வெயில் நேற்றைய வெயிலைப் பார்த்துத்தான் அடிக்கும். அதனால் எண்களை எடுத்த வரிசையிலேயே ஒரு முறை வரைந்து பார்ப்பது நல்லது.

வேறுபாடு இருக்கிறது என்று சோதனை சொல்லிவிட்டால் அது பெரிய வேறுபாடு என்றும் ஆகிவிடாது. 37க்கும் 36.8க்கும் இடையே 0.2 டிகிரி. நூற்றுக்கணக்கான அளவீடுகள் இருக்கும்போது எந்தச் சோதனையும் அதை அடித்துச் சொல்லும். ஆனால் ராத்திரி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அம்மாவுக்கு அந்த 0.2 எதையும் மாற்றாது. பி-மதிப்பை எழுதும் இடத்தில் வேறுபாட்டின் அளவையும் இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது மறுபடியும் பொட்டோமாக் கரைக்கு வருவோம். நியூகோமின் எண்களை நாம் பல விதமாக அலசலாம். 66ஐயும் வைத்து டி முறையில் இடைவெளி போட்டால் 23.6 முதல் 28.9. இரண்டு தனிப்புள்ளிகளை நீக்கினால் 26.5 முதல் 29.0. இடைநிலைக்குத் தரவரிசையை வைத்துப் போட்டால் 26 முதல் 29. முறைகள் வேறு, எண்ணிக்கை வேறு, ஆனாலும் எல்லாம் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன. முறைக்கு முறை விடை பெரிதாக மாறவில்லை என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும்.

இன்று நமக்குத் தெரிந்த ஒளி வேகத்தின்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய எண் 33.

மேலே உள்ள எந்த இடைவெளிக்குள்ளும் அது இல்லை. 33ஐ வைத்துக் குறிச் சோதனை போட்டுப் பார்த்தால், 56 அளவீடுகள் அதற்குக் கீழே, 8 மேலே, 2 சரியாக 33. நாணயம் சுண்டி இப்படி வருவதற்கான வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆக, கண்ணாடியிலோ தூரத்திலோ கருவியிலோ ஏதோ ஒன்று எல்லா அளவீட்டையும் ஒரே பக்கமாகத் தள்ளியிருக்கிறது. தராசின் தட்டில் கல் ஒட்டியிருந்தால் ஆயிரம் தடவை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் அந்தக் கல்லின் எடை போகாது. -44ஐ வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று நாம் இவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். உண்மையான பிழை ஒழுங்காக நின்றிருந்த 64 எண்களுக்குள் இருந்தது.

1983இல் மீட்டருக்கான வரையறையையே மாற்றி, ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலைநிறுத்திவிட்டார்கள். நியூகோமைப் போல இன்று யாராவது ஆற்றங்கரையில் கருவி வைத்து அளந்தால், அவருக்குக் கிடைப்பது ஒளியின் வேகமாக இருக்காது. கண்ணாடி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் விடையாக வரும்.